டோர் லாக்

துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஐஸ் கம்பெனி.
காலை ஏழு மணிக்குக் கட்டிகள் உடைபடும்.
சோற்றுப்பை அளவே உள்ள என் பெட்டியை நீட்டினேன்.
'என்ன மீனு, இத்தினியூண்டு?' என்றார் கலியன்.
மீன் இல்லை, பால்.
யாருக்கு என்று கேட்க வாயெடுத்தவர்
எங்கோ ஒரு விசைப்படகைப் பார்த்துக்கொண்டே
இரண்டு கை தூள் அள்ளிப் போட்டார்.
காசு கொடுத்தேன்.
'மீனுக்குத்தான் காசு.'

அன்றிலிருந்து
புட்டியில் ஒரு செதிலாவது ஒட்டிக்கொண்டு வருகிறது.

மின்கணக்கு எடுக்கிற வேலை, ஒப்பந்தம்.
ஒரு நாளைக்கு நூற்றைம்பது வீடு.
ஸ்கூட்டி, கருவி, பெட்டி,
கையால் அமுக்குகிற பம்பு ஒன்று.
கரண்டு ஆபீஸ்காரிக்குக் கரண்டு இல்லாத பம்பு.

வண்டிப்பாளையம் முடிவதற்குள் பதினொன்றரை.
கடிகாரம் பார்ப்பதில்லை,
இரண்டும் கல்லாகிவிடும்.
மூன்றாவது தெருவில்
யார் வீட்டுக் குழந்தையோ அழுதது.
என் பிள்ளை கம்மியம்பேட்டையில் இருக்கிறான்.
மாருக்கு அந்தத் தூரம் தெரியவில்லை.
துப்பட்டாவுக்கு மேல் வெள்ளை அட்டையை அழுத்திப் பிடித்தபடி
முந்நூற்றுப் பன்னிரண்டு யூனிட் என்றேன்.
'போன தடவையைவிட ஜாஸ்தியா இருக்கே?'
ஆமாங்க.
அட்டையில் மை பரவியிருந்தது.

மஞ்சக்குப்பத்து அடுக்குமாடியில்
படிக்கட்டுக்கு அடியில் மீட்டர் ரூம்.
தாழ்ப்பாள் உள்பக்கம்.
பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.
இருட்டில் இருபத்து நாலு சிவப்புப் புள்ளி,
ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில்.
யாரோ கிரைண்டர் போட்டார்கள், ஒன்று படபடத்தது.
யாரோ ஊரில் இல்லை,
ஃபிரிட்ஜ் மட்டும் எப்போதாவது கண்சிமிட்டியது.
முதலில் வராது.
போனில் அவன் சிரிக்கிற வீடியோவை
சத்தம் குறைத்துப் பார்த்தேன்.
இடது பக்கம் பிடித்துக்கொண்டது.
ஐம்பது. எழுபது.
கதவைத் தட்டினார் சங்கச் செயலாளர்.
'இருபத்து நாலு மீட்டருக்கு அரைமணியா மேடம்?'
ஒரு மீட்டர் வேகமா ஓடுது சார்,
முடிச்சிட்டு வரேன்.

எல்லா நாளும் இப்படி வாய்க்காது.
கெடிலம் பாலத்துக்கு முன்னால் வேகத்தடையில்
மூடி கழன்று
நூற்றுப்பத்து மில்லியும் பெட்டிக்குள்ளேயே கொட்டிற்று.
வண்டியை ஓரங்கட்டி
கைப்பிடிச் சுவருக்கு மேலிருந்து சாய்த்தேன்.
ஆற்றில் தண்ணீர் தெரியவில்லை, ஆகாயத்தாமரைதான்.
ஓர் இலையில் கொஞ்சம் விழுந்து
அங்கேயே நின்றது.
அழுதிருக்கலாம்.
இன்னும் முப்பத்தெட்டு வீடு இருந்தது.

ஞானசீலனுக்கு சிப்காட்டில் இரவு ஷிப்ட்.
விடிந்து வந்து இரண்டு தடவை குளிக்கிறார்,
கெமிக்கல் வாடை போன பிறகுதான் பிள்ளையைத் தொடுவார்.
பாலாடையில் பாதி பிள்ளைக்கு,
கால்வாசி அவன் கழுத்துக்கு,
மிச்சம் இவர் லுங்கிக்கு.
அப்படியே இருவரும் தூங்கிப்போவதும் உண்டு.
பழைய பில் தாளின் முதுகில் எழுதிவைக்கிறார்:
10.20க்கு 60.
1.05க்கு 80, கக்கிட்டான்.
4 மணி. வேணாங்குறான். வாசலையே பாக்குறான்.

'ஏழு மாசமாச்சே, இன்னுமா?
பவுடரைக் கரைச்சுக் குடுத்துட்டுப் போயேன்'
என்றாள் ஆபீசில் மங்கையர்க்கரசி.
நல்ல மாதிரிதான் சொன்னாள்.
பூட்டிய வீட்டுக்கு
டோர் லாக் என்று குறித்துவிட்டு
மறுநாள் போகலாம் அக்கா,
இதை எப்படிக் குறிக்கிறது என்றேன்.
சிரித்தாள். தன் டிபன் பாக்ஸிலிருந்து
இரண்டு கருவாட்டுத் துண்டை
என் தட்டில் வைத்தாள்.

இன்றைக்குப் பூட்டியிருந்தவை ஒன்பது.
ஆறேகாலுக்கு என் வீடு திறந்திருந்தது.
ஹெல்மெட்டைக் கழற்ற விடவில்லை,
துப்பட்டாவை வாயால் இழுத்தான்.
சுவரில் சாய்ந்தேன், செருப்போடு.
கண் சொருகுகிற நேரத்தில் கடித்தான்,
கீழே புதிதாய் வந்த ஒற்றைப் பல்.
ஐயோ என்றேன்.
விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தான்,
வாயோரம் வழிய
என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு,
மறுபடி பிடித்துக்கொண்டான்.