ஓர் ஆளுக்கு எவ்வளவு அரிசி

எண்பது பேருக்கென்றால் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
ஆறு படி. உப்பு இரண்டு கை.
கஞ்சி வடிக்க நான்கு பேர்,
ஆளுக்கொரு மூலையாய்த் துணி பிடித்து.
ஓர் ஆளுக்கு எவ்வளவு என்று
ஹோமில் யாரும் கேட்டதில்லை.

ஓசூர் வந்த முதல் ராத்திரி
சிப்காட்டுக்குப் பின்னால், தகரக்கூரை லைன் வீட்டில்
மூன்று டம்ளர் போட்டேன்.
மூன்று நாள் அதையே தின்றேன்.
ஐந்து மணிக்கு மணி அடிக்கவில்லை,
ஆனாலும் எழுந்து உட்கார்ந்திருந்தேன்
வரிசை எங்கே நிற்கிறதென்று தெரியாமல்.

அது இரண்டு வருஷத்துக்கு முன்.

இன்று மாதேஸ்வரி வருகிறாள்.
நேற்றோடு அவளுக்குப் பதினெட்டு முடிந்தது.
நேற்று ஜூன் ஒன்று.
எங்களில் பதினோரு பேருக்கு அதுதான் பிறந்தநாள்,
தேதி தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போட்டுக் கொடுத்தது.
பதினோரு பேருக்கும் ஒரே தட்டில் கேசரி.

தர்மபுரி பஸ் கிருஷ்ணகிரியில் நின்று நின்று வந்தது.
மாம்பழக் கூடைகளைத் தாண்டி இறங்கினாள்:
ட்ரங்குப் பெட்டி,
சான்றிதழ் வைத்த பிளாஸ்டிக் கவர்,
சுருட்டிய கோரைப்பாய்.
"பாய் எதுக்குடி?"
"இதுலதான்க்கா தூக்கம் வரும்."

வீட்டுக்கார நஞ்சுண்டப்பா நோட்டைத் திறந்தார்.
"அப்பா என்ன பண்றாரு?"
மாதேஸ்வரி என்னைப் பார்த்தாள்.
நான் காலண்டரைப் பார்த்தேன்.
இதே கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில்: துபாய்.
சொன்ன வாய்க்குத் தீனி போட வேண்டியிருந்தது.
தீபாவளிக்கு "அப்பா என்ன அனுப்பினாரு?" என்பார்,
பஸ் ஸ்டாண்டில் ஒரு சென்ட் பாட்டில் வாங்கி
விலைச்சீட்டைச் சுரண்டிவிட்டுக் கொடுத்தேன்,
இரண்டு தீபாவளிக்கும்.

இவளுக்கும் ஒரு துபாய் வாங்கித் தரலாம்.
வாய்வரை வந்தது.
"அப்பா இல்லீங்க. ஹோம்ல வளர்ந்தவ.
நானும்தான்."

மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றியது.
"அப்போ அந்த சென்ட்டு?"
"நூத்திப்பத்து ரூபாய்ங்க. நம்ம பஸ் ஸ்டாண்டுதான்."
அவர் சிரிக்கவில்லை.
அட்வான்சில் ஒரு ரூபாய் குறைக்கவுமில்லை.
உள்ளே போய்
இரண்டாவது சாவியை எடுத்து வந்தார்.

மாதேஸ்வரி அதை வாங்கி
கையைத் திறந்தே வைத்திருந்தாள்
பிரசாதம் வாங்கியவள் போல.
பூட்டித்தான் பழக்கம், அதுவும் அடுத்தவர்கள்.
அன்று மத்தியானம் கதவைப் பூட்டித் திறந்தாள்,
பூட்டித் திறந்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை,
என் காலத்தில் ஒன்பது தடவை.

மாதாமாதம் வரவேண்டிய அரசாங்கப் பணத்துக்கு
இங்கே கேட்டால் வளர்ந்த ஜில்லாவில் கேள் என்பார்கள்,
அங்கே கேட்டால் இருக்கிற ஜில்லாவில்.
தொப்பூர் கணவாயில் லாரி திணறுகிற மாதிரி
என் ஃபைலே ஏறியது பதினான்கு மாதம்.
அவளுடையதை நாளைக்கே ஜெராக்ஸ் போட வேண்டும்.
லீவு கேட்க வேண்டும். சூப்பர்வைசர் கத்துவார்.
கத்தட்டும்.

கம்பெனி விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள்.
அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: என் பெயர், என் நம்பர்.
என் விண்ணப்பத்தில் அந்த இடத்தில்
இன்னும் ஹோமின் லேண்ட்லைன் இருக்கிறது,
வயர் அறுந்து எத்தனையோ காலம்.
உறவுமுறை என்ற கட்டத்தில்
நாக்கைக் கடித்தபடி யோசித்து எழுதியிருந்தாள்:
பக்கத்துப் பாய்.

"இதை ஏத்துக்க மாட்டாங்கடி."
"பொய்யாக்கா?"
அடிக்கவில்லை.
கட்டத்துக்கு வெளியே சின்னதாக
'அக்கா' என்று சேர்த்தேன்.

ராத்திரி குக்கரைக் கழுவி நின்றாள்.
"ரெண்டு பேருக்கு எவ்வளவுக்கா?"
ஒரு ஆள் கணக்குப் பிடிபடவே எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது.
குத்துமதிப்பாய் ஒன்றரை டம்ளர் என்றேன்.
போதவில்லை. அவள் நன்றாகச் சாப்பிடுகிறவள்,
எப்படி மறந்தேன், என் தட்டிலிருந்தும் எடுப்பாளே.

பத்து மணிக்குப் பரோட்டாக் கடைக்கு நடந்தோம்.
பாதி வழியில் நின்றாள்.
"பூட்டினோமா?"
திரும்பிப் போய் அவள் ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.
பிறகு நானும்.