சாதி வரை மை

தேர்ஸ்டன் வீதித் தூங்குமூஞ்சி மரத்தில்
முழங்கால் உயரத்தில் ஒன்று.
சுற்றிப் போனால் வேரடியில் இன்னொன்று.
இரண்டும் தட்டுக்காளான்.
இரண்டின் மேலும் மைலோ தூவினாற்போல
தம்முடைய வித்தித்தூளே படிந்து கிடக்கிறது.

மாநகரசபைக் குலசூரிய வாளோடு நிற்கிறார்.
'மாரா' என்று மரத்தைத் தட்டுகிறார்.
அந்தச் சொல்லில் எனக்கு மன்மதன் கேட்கிறான்,
அவருக்கு அது சாவின் பெயர்.
"இதுக்குப் பேர் சொல்லுங்கோ மிஸ்,
ஃபைலில போடவேணும்."

அடிப்பக்கம் வெள்ளை. நகத்தால் கீறினேன்,
கீறிய இடம் கபிலமாயிற்று.
இரண்டிலும்.
கத்தியால் பிளந்தேன். குழாய்கள் அடுக்கடுக்காய்.
ஆண்டுக்கு ஒன்று என்பார்கள்,
இரண்டு பருவமழை பெய்யும் ஊரில் யார் கணக்குப் பார்த்தது?
பொட்டாசியம் ஐதரொட்சைட்டு, துளி துளியாக.
இரண்டும் கறுத்தன.
மேலோடு, ஒன்றில் நகம் இறங்குகிறது,
மற்றதில் கொஞ்சம் யோசித்து இறங்குகிறது.
இதை எப்படி எழுத?

ஆய்வுகூடப் பதிவேடு பழையது.
நல்ல கையெழுத்துள்ள யாரோ கோடு கிழித்திருக்கிறார்கள்:
இராச்சியம், கணம், வகுப்பு,
வருணம், குடும்பம், சாதி,
இனம்.
பரீட்சைக்கு முதல்நாள் நானும் ரிஸ்மியாவும்
இந்த வரிசையைச் சொல்லிச் சொல்லிக்
கயிறு துள்ளினோம்.
அவள் எப்போதும் வருணத்தில் தடக்குவாள்.

சாதி தெரியும். கனோடெர்மா.
அதற்குக் கண்ணே போதும்.
இனத்துக்கு எண்ணெய் வில்லை வேண்டும்,
ஆயிரம் மடங்கு பெருக்கம்,
மூச்சு விடாத கை.

வித்திகள் முட்டை போல, ஒரு முனை வெட்டுப்பட்டு.
ஏழு மைக்ரோன் என்றால் அப்லனாட்டம்,
பத்து என்றால் ஆஸ்திராலே.
முப்பது முப்பதாக அளந்தேன்.
வேரடிக்காரன் பத்துக்கு மேல், சந்தேகமில்லை.
மற்றது எட்டு, எட்டு, எட்டரை,
ஏழே முக்கால், எட்டு.
நூலில் அந்த இடத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு:
அளவுகள் ஒன்றின்மேல் ஒன்று கவியக்கூடும்.

இதே சொல்லுக்கு எதிரே முன்பும் இருந்திருக்கிறேன்.
வெள்ளவத்தைப் பொலிஸில், பதிவுக்கு.
அறைக்கு எத்தனை பேர், எங்கிருந்து, எதற்கு.
இனம் என்ற கட்டத்துக்கு
நான் பேனையை எடுக்குமுன்
மேசைக்கு அந்தப் பக்கம் எழுதி முடித்துவிட்டார்கள்.
யாரும் கீறிப் பார்க்கவில்லை,
துளி விடவில்லை.
அப்பாவின் பெயர் முடிந்த மெய்யெழுத்தே
போதுமாயிருந்தது.

இந்த இடத்தில் கவிதை ஒரு பக்கமாய்ச் சாயப் பார்க்கும்.
விடமாட்டேன்.
காளானை மனிதருக்கு உவமை சொன்னால்
முதலில் பொய்யாவது காளான்.
அதற்கு வித்தி அளவு உண்டு, ஓடு உண்டு,
பசி உண்டு. எங்கள் கதை அதற்கில்லை.

நாலு மணிக்குக் குலசூரிய போன் எடுத்தார்.
"ஒண்டா, ரெண்டா?"
ஒன்று தெரியும். மற்றது தெரியாது.
"மரத்துக்கு?"
மரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்,
உள்ளே வெள்ளைப் பஞ்சாய் உளுத்திருக்கும்.
நீங்கள் தட்டினீர்களே, சத்தம் எப்படி இருந்தது?
கொஞ்ச நேரம் பஸ் இரைச்சல் மட்டும்.
"வெறும் பீப்பா," என்றார். "அதிலே
கொக்குக் கூடு நாலு இருக்கு."
வைத்துவிட்டார்.

வேரடிக்காரனுக்கு ஏழு கட்டமும் மையால் எழுதினேன்.
மற்றதற்குச் சாதி வரை மை.
இனம் என்ற இடத்தில்
அழிக்கக்கூடிய பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
துண்டைக் காகிதப் பையில் இட்டு
திகதி, வீதி, முழங்கால் உயரம்.
இன்னொருவர் இன்னொரு வில்லையில் அளக்கட்டும்.

சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன்.
விரலிடுக்கில் மைலோ நிறம் போகவில்லை.
எந்தத் தட்டினுடையது என்று
இனிக் கேட்டும் பயனில்லை.