நூற்றுப் பதினான்கும் பதினைந்தும்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
பாஹிம் நானாவின் கடையில்
மூன்று ரிமோட் தொங்கின.
அறுநூற்றைம்பதுக்கு ஒன்று, ஆறே பட்டன்.
தொள்ளாயிரத்துக்கு ஒன்று,
உடம்பெல்லாம் அம்மை போட்ட மாதிரி பட்டன்.
ஆயிரத்து நானூறு ரூபாக்காரன்
பழைய ரிமோட்டைப் பார்த்துத் தானே படித்துக்கொள்வானாம்.
"பழசு உசுரோட இருக்கணும்" என்றார் நானா.

கம்பளியை ஊறப்போட்டுக்
கல்லில் நாலு அடி அடித்த பிறகுதான்
பழசு அதற்குள் கிடந்தது எனக்குத் தெரிந்தது.
செத்ததிடம் எது போய்ப் படிக்கும்?
நடுவில் தொங்கியதை வாங்கினேன்.
பட்டரிக்குத் தனிக்காசு.

"என்ன டீவி?"
அதுதான் தெரியாது.
நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் கழித்துக்கட்டி
லொறியில் தோட்டத்துக்கு வந்த டீவி.
பெயர் இருந்த இடத்தில் பசை மட்டும்.
முதுகில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர்: 114.
சத்தம் இருபதுக்கு மேல் ஏறாது.
அடுத்த அறையில் படுத்தவருக்காக
எப்போதோ யாரோ பூட்டியது.
தகரத்தில் மழை இறங்கினால்
செய்தி வாசிப்பவர் வாயை மட்டும் அசைப்பார்.

பிள்ளை தூங்கிய பிறகு
பல்பைப் போட்டுத் தாளை விரித்தேன்.
எறும்பு ஊர்ந்த எழுத்து. இங்கிலீஷ், பிறகு சீனம்,
பிறகு கம்பெனிப் பெயர்கள்,
பெயருக்குப் பெயர் மூன்று இலக்கம்.
படமெடுத்து அனுப்பினேன்.
புறக்கோட்டையில் ஷட்டரை இறக்கிவிட்டு
அவர் போனில் வாசித்துச் சொன்னார்:
பெயரில்லாததற்கும் கடைசியில் ஒரு வழி போட்டிருக்கு.
டீவி பட்டனை அமுக்கிப் பிடி,
சிவப்பு லைட் நின்று எரிந்தால் விடு,
அணைக்கிற பட்டனை ஒவ்வொரு தட்டாகத் தட்டு,
எந்தத் தட்டில் அணைகிறதோ அங்கே நிறுத்து.

தட்டினேன்.
காலையிலிருந்து பதினெட்டு கிலோ கொழுந்து
கிள்ளிய கட்டைவிரல்.
முப்பது. நாற்பத்தொன்று.
"தட்டுறியா?"
"தட்டுறேன்."
எண்பதில் கை மாற்றினேன்.
நூற்றைத் தாண்டும்போது
போனில் காசு முடிந்து அவர் போய்விட்டார்.

நூற்று முப்பத்தாறில்
என் டீவி அணைந்தது.
அதே நொடி, சுவருக்கு அந்தப் பக்கம்
நாடகத்து மாமியார் ஒருத்தி
பாதித் திட்டில் நின்றுபோனாள்.

எங்கள் காம்பராக்களில் நடுச்சுவர் கூரைவரை போகாது.
மேலே ஒரு முழம் சும்மா கிடக்கும்,
அதற்கும் மேலே எல்லாருக்கும் ஒரே தகரம்.
செபஸ்தியம்மாவின் டீவியும்
அதே லொறியில்தான் வந்தது.
அவளுடையது 115.

பீலியில் வாளி வைத்த சண்டை.
தை மாசத்திலிருந்து முகம் பார்ப்பதில்லை.
இப்போது தகரத்தில் பட்டு வந்தது குரல்:
"ஒனக்கு மட்டும் எப்பிடிக் கரண்ட் இருக்கு?"

கையில் ரிமோட்.
வாயில் ஒன்றுமில்லை.
கூரையைப் பார்த்துத் தூக்கி
இன்னொரு தடவை அமுக்கினேன்.
மாமியார் மீதித் திட்டைத் தொடங்கினாள்.
"வந்திருச்சி" என்றாள் செபஸ்தியம்மா,
எனக்கா தனக்கா தெரியவில்லை.
"ம்" என்றேன்.
ஐந்து மாசத்துக்கு அது ஒன்றுதான்.

பிறகு கவனமாயிருந்தேன்.
டீவிக்குப் பக்கத்தில் போய்,
ரிமோட்டின் நெற்றியை உள்ளங்கையால் மறைத்து.
சில ராத்திரி மட்டும், பத்தரைக்கு மேல்,
அவள் குறட்டையும் விளம்பரமும் சேர்ந்து கேட்டால்
கையை எடுத்துவிட்டுக்
கூரைக்குப் பிடிப்பேன்.
இரண்டு காம்பராவும் இருட்டும்.
அவள் கரண்ட் பில்லில் கொஞ்சம் குறைந்திருக்கும்.
நான் சொல்லவில்லை.

நேற்று செய்தி நடுவில்
என் டீவி தானாக அணைந்தது.
ரிமோட் தலையணைக்கடியில்.
நான் தொடவேயில்லை.
சுவருக்கு அப்பால்
மடிப்பு மடிப்பாய் ஒரு தாள் சுருங்கும் சத்தம்,
விரலை ஊதிக்கொள்ளும் சத்தம்.

நூற்று முப்பத்தாறு என்று
முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.