முப்பத்தொன்று

முப்பத்தொன்று என்றார் ரோஸ்லிண்டா,
வயிற்றை நான்காகப் பிரித்து
அளந்து கூட்டி.
இருபத்தைந்தோடு நின்றிருக்க வேண்டுமாம்.

தண்ணீரைச் சென்டிமீட்டரில் அளப்பது
எனக்குப் புதிதல்ல; சம்பளமே அதற்குத்தான்.
புக்கிட் தீமா கால்வாய் விளிம்பை நெருங்கினால்
என் திரையில் சிவப்பு எரியும்,
ஊருக்கெல்லாம் குறுஞ்செய்தி போகும்.
எனக்கு யாரும் அனுப்பவில்லை.
மோதிரம்தான் முதலில் சொன்னது,
அப்புறம் செருப்பு.

நிறைகுடம் தளும்பாதாம்.
சுமக்காதவர் யாரோ சொன்னது.
காத்திப்பில் ரயில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம்
இது தளும்புகிறது,
நான் நின்ற பிறகும்
அது நிற்கக் கொஞ்ச நேரமாகிறது.

செவ்வாய்க்கிழமை கொசு ஆய்வாளர் வந்தார்.
பூந்தொட்டித் தட்டைக் கவிழ்த்து
கழிவறை மூலையில் டார்ச் அடித்து
"தேங்கின தண்ணி எங்கயாச்சும் இருக்கா?" என்றவர்
என்னைப் பார்த்ததும்
காகிதத்தில் எதையோ அவசரமாக எழுதினார்.
சிரித்தேன். மூச்சு வாங்கியது.

மூவறை வீட்டுக்கு ஐந்து வருடம் காத்திருந்தோம்.
இதற்கோ இடம் மிஞ்சிக் கிடக்கிறது.
காலையில் தலை கீழே,
மதியம் குறுக்கே,
இரவில் எங்கோ விலாவுக்கடியில் ஒரு குதிகால்.
முப்பத்து நான்காம் வாரத்திலும்
இன்னும் முகவரி இல்லை.

சர்க்கரை சரியாக இருக்கிறது.
அப்படியானால் ஏன்?
"பாதிப் பேருக்குத் தெரிவதே இல்லை," என்றார் மருத்துவர்,
தெரியாததைச் சொல்லிச் சொல்லிப்
பழகிய குரலில்.
பனிக்குடம் வீட்டில் உடைந்தால் நடக்காதே,
படு, இடுப்பை உயர்த்து, 995.
பிள்ளைக்கு முன்னால்
கொடி வந்துவிடக் கூடாது.
ஜீவேந்திரன் அதைக் குளிர்பதனப் பெட்டிமேல் ஒட்டினான்,
தண்ணீர்க் கட்டண ரசீதுக்குப் பக்கத்தில்.

பிள்ளை விழுங்குகிறதா,
அதுதான் இப்போது கேள்வி.
குடிக்க வேண்டியதைக் குடிக்காவிட்டாலும்
குடம் இப்படி நிறையுமாம்.
ரோஸ்லிண்டா வெகுநேரம் பேசவில்லை.
கருவியை அழுத்தி, நகர்த்தி, அழுத்தி,
கடைசியில் விரலால் திரையைத் தொட்டார்:
சுண்டைக்காய் அளவில் ஒரு கறுப்பு.
"இரைப்பை. உள்ளே தண்ணீர் இருக்கு."
காரணம் இன்னும் யாருக்கும் தெரியாது.
ஆனாலும் அந்தக் கறுப்பை
வீடுவரை கொண்டுவந்தேன்.

இரவு மூன்று மணி. இடி.
யீஷூன்மேல் மழை சாய்ந்து இறங்குகிறது.
பணியில் இருப்பது சியூ லிங்,
கால்வாயை அவள் பார்த்துக்கொள்வாள்.
இடப்பக்கம் திரும்பிப் படுக்கிறேன்,
ஒரு நொடி தாமதித்து
தண்ணீரும் திரும்புகிறது.

குடி, என்கிறேன்.
இன்னும் ஒரு மிடறு.