தாமதத்திற்கான காரணம்

என் இருக்கை தரையிலிருந்து இருபது மீட்டர் மேலே.
இங்கிருந்து மனிதர்கள் வெறும் தலைக்கவசங்கள்.
மஞ்சள் என்றால் நுக்ஸார், மடை திறப்பவன்.
வெள்ளை என்றால் ஃபோர்மன் ஸுராப்.
முகம் பார்த்து எனக்கு எவரையும் தெரியாது,
கையசைவு பார்த்துத் தெரியும்.

க்விரிலா ஆற்றங்கரையில் பிப்ரவரி.
வெளியே பனி, நேற்றிலிருந்து ஓயவில்லை.
உள்ளே நான்காம் உலை
வயிறு நிறைய மாங்கனீசோடு உறுமுகிறது.
நிறைமாதக்காரியைக் காக்க வைக்கலாமா
என்பார் ஸுராப், ஒவ்வொரு மடைக்கும்.
நான்கு மகள்களைப் பெற்றவர், தெரிந்துதான் சொல்வார்.

அதிகாலை மூன்று பத்து.
கொப்பரை என் கொக்கியில் தொங்குகிறது.
வெள்ளி அங்கிக்குள் நுக்ஸார்
ஆக்சிஜன் குழாயைத் தோளில் சாய்த்தபடி
உள்ளங்கையைத் தரை நோக்கி அசைக்கிறான்:
இறக்கு.

அப்போதுதான் பார்த்தேன்.
வாய்க்கால் மணல் நெடுக வெளிறிய சாம்பல் நிறம்.
கடைசியில், கொப்பரை வந்து அமரும் இடத்துக்கு
ஒரு சாண் முன்னால் மட்டும்
ரொட்டித்துண்டு அளவுக்குக் கறுத்திருந்தது.

எண்ணெயாக இருக்கலாம். நிழலாக இருக்கலாம்.
கண்ணைக் கசக்கிக்கொண்டேன்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
அது ஒரு விரல் அகலம் வளர்ந்தது.

நிழல் அப்படி வளராது.
நிமிர்ந்தேன். கூரைத் தகரத்தின் ஆணித்துளையில்
உருகிய பனி ஒரு மணியாகத் தொங்கியது,
விழலாமா வேண்டாமா என்று.

ஈரத்தின் மேல் ஆயிரத்து நானூறு டிகிரி படுத்தால்
என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.
மூன்றாம் உலைக்கு எதிர்ச்சுவரில்
ஆள் உயரத்துக்கும் மேலே ஒட்டிக்கிடக்கும் உலோகத் துளிகளைக்
கடந்துதான் தினமும் ஏணி ஏறுகிறேன்.
போக இடமில்லாத நீர் ஆவியாகும்.
ஆவி, தன்மேல் கிடப்பதைத் தூக்கி எறியும்.
கீழே நிற்பவன் யாரென்று அதற்குத் தெரியாது.

மணியை அடித்தேன். மூன்று முறை.
இறக்க மாட்டேன்.

வெள்ளைக் கவசம் நிமிர்ந்தது. வாய் அசைந்தது.
விசிறிகளின் இரைச்சலில்
ஒரு சொல்லும் ஏறி வரவில்லை, நல்லதாயிற்று.
மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்: நேரம்.
நான் விரலை நீட்டினேன்: அங்கே.
இரண்டு கையையும் விரித்தார்: எங்கே?

நுக்ஸார்தான் குழாயைக் கீழே வைத்தான்.
மண்டியிட்டு, தடித்த கையுறையைக் கழற்றி,
தொட்டில் துணி நனைந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல
புறங்கையால் மணலைத் தொட்டான்.
எழுந்தான். மேலே பார்த்தான்.
ஒரு கணம் அவனுக்கு முகம் இருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் சலிப்பான வேலை.
உலையின் மின்சாரத்தைக் குறைத்தார்கள்.
ஈர மணலை வாரிக் கொட்டினார்கள்.
ஒழுகலுக்குக் கீழே ஒரு தகரத்தைச் சாய்த்துக் கட்டினார்கள்.
காய்ந்த மணல், அதன்மேல் எரிவாயுச் சுடர்.
ஆவி எழுந்தது, மெலிந்தது, நின்றது.
நின்றபின்னும் பத்து நிமிடம் எரியவிட்டார் ஸுராப்,
யாரும் சொல்லாமல்.

நான்கு மணிக்கு மடை திறந்தது.
முதலில் பொறி. பிறகு வெள்ளை நூல்.
நூல் கயிறாகி, கயிறு
அவசரமில்லாத ஓர் ஓடையாகி
அந்த இடத்தை நெருங்கியபோது
கட்டுப்பாட்டுக் கம்பியை இறுகப் பிடித்திருந்தேன்.
கடந்தது.
ஒன்றும் நடக்கவில்லை.
கொப்பரை நிறைந்ததும் களிமண் பீரங்கி வந்து
உலையின் வாயை அடைத்தது.

ஏட்டில் எழுதினேன்:
தாமதம், ஐம்பது நிமிடம். காரணம், கூரை ஒழுகல்.
ஸுராப் படித்தார். கவசமில்லாத தலை
இவ்வளவு வழுக்கை என்று எனக்குத் தெரியாது.
"இந்த மாத போனஸ் போயிற்று, சியாலா" என்றார்.
பேனாவை வாங்கி, என் எழுத்துக்குப் பக்கத்தில்
'மூன்றாம் முறையாக' என்று சேர்த்து
தன் கையெழுத்தைப் போட்டார்.

வெளியே இன்னும் பனி.
பேருந்தில் யாரோ எழுந்து எனக்கு இடம் விட்டார்.
கம்பளித் தொப்பி, நரைத்த மீசை,
எங்கேயும் பார்த்த நினைவில்லை.
தயங்கி நின்றேன்.
அவர் உள்ளங்கையை இருக்கை நோக்கிச் சாய்த்து
மெல்ல அசைத்தார்:
இறக்கு.

உட்கார்ந்தேன்.