மறுநுழைவு நேரம்

மென்கல்லைப் பற்றிக் கவலையில்லை.
அது நசுங்கும், முனகும், வழிவிடும்.
வன்கல்தான் வளையத் தெரியாதது.

சட்பரிக்கு வடக்கே, இரண்டாயிரத்து நானூறு மீட்டர் கீழே,
ஷிஸ்லேன் திபோதோ துளையிலிருந்து உருவும் கல்லுருளை
முழங்கை நீளத்துக்கு வரவேண்டியது
வில்லை வில்லையாய் வருகிறது.
முதலில் தட்டைக் கனம். அப்புறம் அப்பளக் கனம்.
வில்லை மெலிய மெலிய
உள்ளே பாரம் கூடுகிறது.
பெட்டியோரம் எண் எழுதவேண்டிய இடத்தில்
மெழுகுப் பென்சிலால் எழுதியிருந்தாள்:
இங்கே கோபம்.

நூற்றெண்பது கோடி ஆண்டு
எல்லாப் பக்கமும் நெருக்கியபோது
பொறுத்திருந்த பாறைதான்.
நாங்கள் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டோம்.
ஐந்து மீட்டர் அகலத்துக்கு ஒன்றுமில்லாமை.
அதைப் பார்த்துத்தான் வெடிக்கிறது.

ஆறரைக்கு வேட்டு.
பிறகு என் வேலை, மேலே, திரைமுன் எண்ணுவது.
சுவருக்குள் புதைத்த முப்பத்திரண்டு காதுகள்
கேட்டதைக் கேட்டபடி அனுப்பும்.
முதல் மணியில் நானூற்றுப் பன்னிரண்டு விரிசல்,
அடுத்ததில் தொண்ணூறு,
அதற்கடுத்து இருபத்தொன்று,
சோளம் பொரிந்து அடங்குகிற சட்டி மாதிரி.
இருபதுக்கு வந்தால் ஆளை இறக்கலாம்.

ரெய்னோ கௌப்பி கூண்டருகே கையுறையைத் தட்டினான்.
"ஒன்றுதானே கூட? காலையில் மகளுக்கு ஹாக்கி."
ஒன்றுதான் கூட.
முடியாது என்றேன்.
ஃபின்னிஷ் மொழியில் திட்டினான்,
எனக்குப் புரியாதென்று.

பிறகு புள்ளிகள் நின்றன.
பத்தொன்பது இல்லை, பத்து இல்லை,
ஒன்றுமே இல்லை.
விதிப்படி அனுப்பியிருக்கலாம்.
பொத்தான் வரை போன கை
அங்கேயே இருந்தது,
இருபத்தெட்டு நிமிடம்.

பத்து மணி இரண்டுக்கு
காப்பியில் வளையங்கள்.
ஊரில் அலமாரிக் கோப்பைகள் ஒன்றையொன்று தொட்டிருக்கும்.
யாரோ எழுந்து கடிகாரம் பார்த்திருப்பார்கள்,
எந்த ஷிஃப்ட் என்று.

மறுநாள் மதியம் இறங்கினோம். காதுகளில் இருபத்தாறு மிச்சம்.
தரை ஒரு முழம் எழும்பியிருந்தது.
கம்பிவலை கல்லை வாங்கிக்கொண்டு
வயிறு தள்ளித் தொங்கியது.
பாறையாணிகளில் சில பிடித்திருந்தன,
சில பறந்து எதிர்ச்சுவரில் குத்தியிருந்தன.
ரெய்னோ மறந்துவிட்டுப்போன சாப்பாட்டுப் பெட்டி
காகிதம்போல் கிடந்தது, மூடி திறக்காமலே.

அவன் ஒரு சில்லை எடுத்தான்.
வெளிச்சமே பார்த்திராத முகம்,
சவர அலகு விளிம்பு.
கையுறை போட்டிருக்கவில்லை.
விரலைச் சப்பிக்கொண்டே கேட்டான்,
"எப்படித் தெரிந்தது?"

தெரியவில்லை என்றேன்.
உண்மை அதுதான்.

மகள் தோற்றுவிட்டாளாம்,
மூன்றுக்கு ஒன்று.