ஒரு பார் ஐஸ்

அக்னி நட்சத்திரம் ஒன்பதாம் நாள்.
மத்தியானம் ரெண்டரை.
கழனிவாசல் சாலையில் தார் இளகி
செருப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் நேரம்.

ஐஸ் கம்பெனிக்குள் நான்
ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன்,
மஃப்ளர், ரப்பர் பூட்ஸ், ரெண்டு ஜோடி சாக்ஸ்.
வாசலில் சர்பத் வண்டிக்காரர் சிரிக்கிறார்:
"சேவுகனுக்கு மட்டும் மார்கழி."

சிரிக்கட்டும்.
உப்புத்தண்ணித் தொட்டியில் கை விட்டவனுக்குத் தெரியும்
குளிரும் சுடும் என்று.
பதினாலு வருஷம்.
அமோனியா நெடி கல்யாணச் சட்டையிலும் போகவில்லை.
விரல் நுனிகள் ரெண்டு
சோற்றின் சூட்டை இன்னமும்
தாமதமாகத்தான் எனக்குச் சொல்கின்றன.

அப்போதுதான் ஆட்டோவிலிருந்து இறங்கினார் அவர்.
"ஒரு பார் வேணும். முழுசா. உடைக்காம."
விசேஷமா ஆச்சி?
"இல்ல, வீட்டுக்கு."
எத்தனை பேருக்கு?
"நான் மட்டும்தான்."

தேனம்மை என்று பில்லில் எழுதினேன்.
பதினோரு பனிக்காலம் கனடாவில்.
ஊர்ப் பெயரைச் சொன்னார்,
தண்டவாளத்தில் ட்ராலி போன மாதிரி கேட்டது எனக்கு.
மைனஸ் முப்பத்தஞ்சு என்றார்.
எங்கள் தொட்டியே மைனஸ் பத்துதான்.
அதைத் திரும்பிப் பார்த்தேன்,
கொடைக்கானல் மாதிரி இருந்தது.

எப்படி ஆச்சி தாங்குனீங்க?

"எங்க தாங்குனேன்? உடுத்துனேன்.
உள்ள ஒண்ணு, மேல ஒண்ணு,
அதுக்கும் மேல வாத்து இறகு அடைச்சது ஒண்ணு.
வாசலுக்கு வரவே பத்து நிமிஷம் ஆகும்.
காலையில மம்பட்டி எடுத்துப் பாதை வெட்டணும்,
வெட்டி நிமிந்தா மறுபடி கொட்டும்.
கார்க் கதவை வெறுங்கையால தொட்டா
தோலு அதோட போயிரும்.
முதல் வருஷம் பனியத் திட்டுனேன்.
அடுத்த வருஷம் கூட்டிட்டுப் போனவரத் திட்டுனேன்.
அப்புறம் திட்ட மறந்துட்டேன்.
ஆனா இங்க எதைக் கழட்டுறது, சொல்லுங்க?
சேலைக்கு அடியில தோலுதான இருக்கு."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்:
இங்க வீட்டத்தான் உடுத்துறது ஆச்சி.
அந்தக் கனத்துச் சுவரு, மூணு கட்டு,
வெயிலு வளவுக்குள்ள வந்து சேர்றதுக்குள்ள
களைச்சுப் போயிரும்ல.

சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது.
"பள்ளத்தூர்ல எங்க வீடு அப்படித்தான்.
முப்பத்திரண்டு பங்கு.
அதுல ரெண்டு பங்கு கோர்ட்ல.
சாவி சிங்கப்பூர்ல ஒருத்தர்கிட்ட.
நான் இருக்கிறது பர்மா காலனியில ஒரு மாடி.
பகல் முழுக்க வெயில வாங்கி வச்சுக்கிட்டு
ராத்திரி வட்டியோட திருப்பித் தருது கூரை."

சங்கிலியை இழுத்தேன்.
டப்பா மேலே வந்தது.
பச்சைத் தண்ணியில் ஒரு முக்கு, ஒரு சாய்ப்பு.
வழுக்கி வந்து நின்றது பார்,
நடுவில் வெள்ளை நரம்போடு.
உமியை அள்ளப் போனவனை
இருங்க என்று கை காட்டினார்.

குனிந்து காதை வைத்தார் அதில்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
கம்ப்ரஸர் இருமி இருமி அடங்கியது.
பதினாலு வருஷத்தில் அன்றைக்குத்தான் கேட்டேன்:
கட்டிக்குள் எங்கேயோ ஒரு சொடக்கு,
பிறகு ஒரு முனகல்,
பிறகு நெடுக ஓடும் ஒரு கீறல்.

"ஏரி இப்படித்தான், ராத்திரியெல்லாம்..."
அவர் முடிக்கவில்லை.
கன்னம் சிவந்துவிட்டது, எடுங்க ஆச்சி என்றேன்.
எடுக்கவில்லை.
ஜெனரேட்டரைப் போடு என்று முதலாளி கத்தினார்.
கொஞ்சம் பொறுத்துத்தான் போட்டேன்.

உமி, சாக்கு, கயிறு.
சீட்டு நனையும் என்று ஆட்டோக்காரர் கூட இருபது கேட்டார்.
பின்னாலேயே ரோட்டில் ஒரு தண்ணிக் கோடு.
பர்மா காலனி வரைக்கும் போகும் என்று நினைத்தேன்.
புளியமரத்தைத் தாண்டவில்லை,
அதற்குள் ரோடு குடித்துவிட்டது.

கன்னம் இருந்த இடத்தில் பார் எவ்வளவு கரைந்திருக்கும்?
அதற்குப் பில் போடவில்லை.
மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு
உள்ளே போனேன்.